வாடை வராத இல்லம்

எங்கள் இல்லத்துக்கு யார் வந்தாலும் முதலில் மூக்கைத்தான் உறிஞ்சுவார்கள். பிறகு முகம் மலரும். "வாடையே இல்லையே!" என்பார்கள். மேனேஜர் ஜெரோம் அதற்கென்றே காத்திருந்தவராக, "அதுதாங்க நம்ம குவாலிட்டி" என்று சிரிப்பார். அகரம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, திண்டுக்கல் பக்கத்திலேயே சுத்தமான முதியோர் இல்லம் என்று என் மகன் ரஃபி தேடிப் பிடித்து என்னைச் சேர்த்த இடம் இது. அவனும் அன்று மூக்கை உறிஞ்சித்தான் பார்த்தான்.

வாடை ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டால் சொல்வேன். பெண்கள் கூடத்தில் படுத்திருக்கிற எங்கள் எல்லோருக்கும் டயபர் கட்டியிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் கொடுப்பது போல, சேர்ந்த அன்றே எனக்கும் கட்டிவிட்டார்கள்.

எனக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது உண்மை. ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் நின்றால், பாத்ரூம் வரை நடந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடந்தேன். டாக்டரே நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார். வருவது எனக்குத் தெரியும், அடக்கவும் தெரியும். அதனால் வந்த அன்று பெல்லை அழுத்தினேன். நாகஜோதி ஓடி வந்தாள். பகல் முழுக்க எங்கள் கூடத்துக்கு அவள் ஒருத்திதான். யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்த இட்லி அவள் விரலில் ஒட்டியிருந்தது.

"பாத்ரூம் போகணும்மா" என்றேன்.

"டயபர் போட்டிருக்குல்ல பாயம்மா, அதுலயே போயிருங்க. செத்த நேரத்துல வந்து மாத்திவிடுறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். பேகம்பூரில் இந்தச் சைனம்புவின் வாய்க்குப் பயந்தே மீன்காரர் தராசை நேராகப் பிடிப்பார். அப்பேர்ப்பட்ட வாயில் அன்று ஒரு வார்த்தை வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். சூடாக நனைந்தது, பிறகு குளிர்ந்தது. சத்தம் வராமல் அழுதேன்.

அதோடு என் தொழுகை நின்றது. அசுத்தத்தை உடம்பில் கட்டிக்கொண்டு எப்படித் தொழுவது? படுக்கையில் கிடப்பவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று ஹஜ்ரத்மார் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சலுகை ஏலாதவளுக்கு. எனக்கு ஏலுமே! ஏலுகிறவளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டு, சலுகையை வாங்கிக்கொள் என்றால் என்ன நியாயம்?

காற்று வாகாக அடித்தால் எங்கிருந்தோ பாங்குச் சத்தம் வரும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன். என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகும், ரஃபி வேலைக்காக ராணிப்பேட்டைக்குக் குடிபோன பிறகும், அல்லாஹ்விடம் ஐந்து வேளை பேச்சு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தனியாக இருப்பது என்றால் என்னவென்று இந்தக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடித்தால்தானே வரும்? குடிக்காமலே இருந்துவிட்டால்?

நாகஜோதி காப்பி கொண்டுவந்தபோது வேண்டாம் என்றேன். "ஏன் பாயம்மா, மேலுக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்ன சொல்வது? "நோன்பு" என்று வாயில் வந்துவிட்டது.

ரமலான் எப்போதோ முடிந்திருந்தது. விட்டுப்போன நோன்பைப் பிறகு வைப்போம் என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். பொய்யிலும், படைத்தவன் பெயரில் பொய். அந்தப் பொய்க்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! நாகஜோதி என் கட்டிலைத் தாண்டும்போது தண்ணீர்ச் செம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். ஜெரோம் என்னைப் போட்டோ எடுத்து ரஃபிக்கு அனுப்பிவிட்டார். அன்று ராத்திரியே ரஃபி போன் செய்தான்.

"இந்த ஒடம்போட நோன்பு வைக்கிறியேம்மா. இஃப்பத்து புள்ளைகளுக்கு ஒன்னைக் காட்டித்தான் சொல்லிக்கிட்டு இருக்கா."

இஃப்பத் என் மருமகள். என் பொய்யைக் காட்டிப் பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்கிறாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தால் இன்னும் சங்கடம். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, பூண்டும் வெந்தயமும் போட்டு நாகஜோதி நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவாள். அவள் முகத்துக்காக இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று தள்ளிவிடுவேன்.

பக்கத்துக் கட்டில் அய்யம்மாள் இன்னொரு விதம். அகரத்துக்காரி, பூத்தோட்டக் குடும்பமாம். யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். காலையிலும் சாயங்காலமும் காப்பியைக் கையில் வாங்குவாள். நாகஜோதி அந்தப் பக்கம் திரும்பியதும், கட்டிலோரம் இருக்கிற பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிவிடுவாள்.

"அதுக்கு மண்டை கொழம்பிருச்சு பாயம்மா. தண்ணி குடுத்தாலும் இதே கூத்துத்தான்" என்பாள் நாகஜோதி, சிந்தியதைத் துடைத்தபடி.

நாக்கு வறண்டு கிடக்கிற எனக்கு அந்தக் காப்பி வாசம் என்ன பாடு படுத்தும்! கொழுப்பெடுத்த மனுசி, நல்ல காப்பியை வீணாக்குகிறாளே என்று மனதுக்குள் வைதுகொண்டே படுத்திருப்பேன்.

கொஞ்ச நாளில் நீர்க்கடுப்பு வந்தது. பின்னாலேயே காய்ச்சல். ஒருநாள் காலை கண்ணைத் திறந்தால் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, காலடியில் ரஃபி நின்றான். தகவல் கேட்டுப் பஸ் பிடித்து வந்திருக்கிறான். சட்டை கசங்கிக் கிடந்தது. தாடியில் நரை. என் பிள்ளைக்கு எப்போது நரைத்தது?

"ஒடம்புல தண்ணியே இல்லைன்னு டாக்டர் சொல்றாரும்மா. நோன்பெல்லாம் இனிமே வேணாம். நல்லாத் தண்ணி குடி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பெரிய பையைக் கட்டிலில் வைத்தான். "இருக்கிறதுலயே ஒசத்தி டயபர். எம்புட்டுப் போனாலும் ஈரமே தெரியாதாம். நீ பாட்டுக்குக் குடி."

ஜெரோம் பையை எட்டிப் பார்த்தார். "நம்ம எல்லாருக்குமே இதையே வாங்கிரலாம் சார். குவாலிட்டிதான முக்கியம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பேகம்பூர்ச் சைனம்புவும் வந்துவிட்டாள்.

"நான் நோன்பு வைக்கலை" என்றேன். "ஒண்ணுகூட வைக்கலை. இந்தக் கருமத்துல நனைக்கக் கூடாதுன்னு தண்ணி குடிக்காமக் கெடந்தேன். நனைஞ்சுக்கிட்டு நான் எப்படிடா தொழுவேன்? இங்க வந்ததுல இருந்து ஒரு வேளை தொழலை."

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?" என்றான் ரஃபி.

"தெனம் போன் பண்ணி, சாப்டியா, தூங்குனியான்னு கேட்ட. ஒண்ணுக்கு எங்கம்மா போறேன்னு ஒருநாளு கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்தான். "கீழ விழுந்துட்டா என்னம்மா செய்றது? அந்தப் பயத்துல, நடக்க விட வேணாம்னு நான்தான் சார்ட்டச் சொன்னேன்."

சொன்னது அவனா! இத்தனை நாளும் ஜெரோமையும் நாகஜோதியையும் மனதுக்குள் வண்டி வண்டியாகத் திட்டியிருக்கிறேன். பெற்ற பிள்ளை, பாசத்தில்தான் சொல்லியிருக்கிறான். அதுதான் அதிகமாக வலித்தது. கட்டிலுக்குப் பின்னால், ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது வாங்கிய என் வாக்கர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சாய்ந்திருந்தது. "அதைப் பிரிடா" என்றேன். பிரித்தான்.

"ஜோதி, தண்ணி கொண்டா."

செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறு வரை குளுகுளுவென்று இறங்கியது. தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

"இப்பக் குடிச்சிட்டேன். செத்த நேரத்துல வரும். யாரு கூட வாரீங்க?"

ரஃபி நாகஜோதியைப் பார்த்தான். நாகஜோதி ஜெரோமைப் பார்த்தாள். ஜெரோம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் வாரேன் பாயம்மா" என்றாள் நாகஜோதி. "ஆனா சார், நான் இவுக கூடப் போற நேரம் மத்தவுகளை யாரு பாக்குறது? இன்னொரு ஆளு இல்லாம ஏலாது சார்."

"ஆள் பாக்குறேன்" என்றார் ஜெரோம். ரஃபி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அதுவரைக்கும்... சரி, நீ போறப்ப நான் வந்து கூடத்துல நிக்கிறேன்."

குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் வந்தது. டயபரை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வாக்கரை ஊன்றி எழுந்தேன். நாகஜோதி இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ரஃபி பாத்ரூம் வாசல் வரை வந்து முதுகைக் காட்டி நின்றான். கதவு சாத்தியிருக்கிற இடத்தில், ஒரு மனுசி போகிற மாதிரிப் போனேன். பிறகு குழாயடியில் முகம், கை, கால் கழுவி ஒளு செய்தேன். ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதேன். பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பேசப் பேச, பேச்சு நீண்டுகொண்டே போனது.

சாயங்காலம் ரஃபி பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் காலைத் தொட்டுப் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனான். அவன் போனதும் கூடம் மறுபடி பழைய கூடமாகிவிட்டது. மின்விசிறிச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். நாளைக்கு நாகஜோதி லீவு போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஜெரோம் மறந்துவிட்டால்? பெல் கைக்கு எட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நாகஜோதி காப்பி கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். அய்யம்மாளுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வழக்கம்போல அய்யம்மாளின் கை வாளிப் பக்கம் போனது. பாதியில் நின்றது. காப்பியைப் பார்த்தாள். என் கட்டிலோரம் நின்ற வாக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தெளிவான பார்வை. மண்டை குழம்பியவளின் கண் இல்லை அது.

"என்னையும் கூட்டிட்டுப் போவாகளா?" என்றாள்.

அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கைக்கு எட்டுகிற தூரத்தில், நனையக் கூடாது என்று நான் கிடந்த அதே கிடையில், எனக்கும் முன்னாலிருந்தே கிடந்திருக்கிறாள். நான் அவளை வைதுகொண்டு படுத்திருந்திருக்கிறேன்.

"ஜோதி!" என்று கத்தினேன். அவள் ட்ராலியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் காலால் வாக்கரை அய்யம்மாள் பக்கம் தள்ளினேன். அவள் ஒரு கையால் அதன் கம்பியை எட்டிப் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் நின்றது.

அதற்குப் பிறகுதான் மற்றக் கையிலிருந்த காப்பியைக் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.