நாக்கு நசுக்கும் வேலை

விடிகாலை ஐந்தேகாலுக்குத் தகரக் கொட்டகைக்குள் இருபத்தாறு குறடுகள் கடித்துக்கொண்டிருந்தன. நறுக், நறுக், நறுக். பெண்கள் பெஞ்சில் முதுகை வளைத்து உட்கார்ந்து, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தூண்டில் முள்ளைப் பிடித்து, குறட்டு நுனியை வைத்து அமுக்கினார்கள். லேசாக அமுக்கினால் வேலை ஆகாது. பலமாக அமுக்கினால் முள் ஒடியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது; அது விரலுக்குத்தான் தெரியும். விரலில் குத்திக்கொண்டால் ஒரு சொட்டு வார்னிஷைத் தடவிவிட்டு அடுத்த முள்ளை எடுக்க வேண்டியதுதான்.

அந்தக் கொட்டகையில் செய்தது பொய்ப்பூச்சி. தூண்டில் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, இறகைக் கட்டி, ஒரு கொத்து மயிரை ஒட்டினால் ஈ மாதிரி, தட்டான் மாதிரி ஆகிவிடும். ஆழத்தில் மூழ்க வேண்டிய பூச்சிக்கு இறகுக்கு அடியில் ஈயக் கம்பி நாலு சுற்று. எங்கோ தூரத்து ஆறுகளில் இடுப்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற கனவான்கள் அதை வீசுவார்கள். மீன் நிஜமென்று நம்பிக் கவ்வும். கவ்வுகிற மீனுக்கும் வீசுகிற கனவானுக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது வாய்க்காரியின் கட்சி.

பன்னிரண்டு வருஷமாகப் பூச்சி கட்டுகிறவள் வாய்க்காரி. அவளுக்கு வேறு பேரும் இருந்தது. கூலிச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் சின்னவள் என்று கூப்பிட்டது கொட்டகையிலும் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். ஆனால் இறகு கட்டுகிற லாவகத்தில் மூத்தவளையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

"என்னக்கா, கையெல்லாம் மரத்துப்போச்சு."

"உனக்குக் கை மட்டும்தான். எனக்கு மூளையே மரத்துப்போச்சு. மரத்துப்போகலேன்னா இந்த நேரத்துக்கு எந்திரிச்சு ஓசியில நாக்கு நசுக்க வருவேனா?"

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதிலைத்தான் அவர்கள் நாக்கு என்றார்கள். கவ்விய மீன் எவ்வளவு உதறினாலும் முள் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். சரக்கு போகிற வட்டாரத்தில் இப்போது புதுச் சட்டம். நாக்கு இல்லாத முள்ளால்தான் மீன் பிடிக்க வேண்டும். சட்டம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதலாளிக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்தும், மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய முள்ளையே மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார். பூச்சி கட்டிப் போன நாற்பது பெட்டியும் திரும்பி வந்துவிட்டன.

திரும்பி வந்த அன்று முதலாளி கொட்டகைக்கு வந்து கைகூப்பினார். "இது நம்ம கம்பெனியோட மானம். எல்லாரும் விடிகாலையில வந்து, வேலை ஆரம்பிக்கிற ஏழரை மணிவரைக்கும் நாக்கை நசுக்கிக் குடுங்க. ஒரு வாரம்தான்."

"கூலி?" என்று கேட்டாள் வாய்க்காரி.

"மானத்துக்கு யாராவது கூலி கேப்பாங்களாம்மா?"

"லாபம் வந்தா உங்க கம்பெனி. மானம் போனா மட்டும் நம்ம கம்பெனியா முதலாளி?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் மறுநாள் எல்லாரும் வந்தார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காக வாய்க்காரி முதலாளியை வெறுத்ததைவிடத் தன்னை வெறுத்துக்கொண்டது அதிகம்.

இன்று மூன்றாம் நாள். மேஸ்திரி, அதாவது முதலாளியின் மச்சான், மேஜையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சட்டக் காகிதங்களில் முதல் தாளைப் படித்தான். படிக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்வதில் அவனுக்கு ஒரு சுகம்.

"கேட்டுக்கங்க. பிடிச்ச மீனைக் காய்ஞ்ச கையால தொடக் கூடாது. கையை நனைச்சுட்டுத்தான் தொடணும். தண்ணிக்கு வெளியில ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாது. முட்டை போடுற மாசத்துல ஆத்துப் பக்கமே போகக் கூடாது. பிடிச்ச மீனை மறுபடி ஆத்துலயே விட்டுடணும்."

"விட்டுடணுமா?" என்றாள் சின்னவள். "அப்புறம் எதுக்குப் பிடிக்கிறாங்க?"

"பொழுது போகணும்ல."

"கறிக்குப் பிடிச்சாக்கூட ஒரு நியாயம் இருக்கு," என்றாள் வாய்க்காரி. "வாயில முள்ளைக் குத்தி இழுத்துப்போட்டு, கையை நனைச்சுக்கிட்டுத் தடவிக்குடுத்து, போய்ட்டு வா ராசான்னு அனுப்பிவைப்பாங்களாம். இந்தப் பொழப்புக்குப் பேர் கருணையாம்."

"மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. உனக்கென்ன எகத்தாளம்? கையைப் பார்த்து வேலை செய்."

மேஸ்திரி சொல்லி வாய் மூடவில்லை. சின்னவளின் குறட்டில் ஒரு முள் ஒடிந்தது. பழைய சரக்கு, துருவேறி நொறுங்குகிற இரும்பு. பொடியளவு சத்தம்தான் கேட்டது.

"அக்கா, கண்ணுல என்னமோ பட்டுடுச்சு."

அவள் அலறவில்லை. யாரோ கூப்பிட்டது போல முகத்தை மட்டும் திருப்பினாள். இடது கண்ணின் கருவிழி ஓரத்தில் ஊசிமுனையளவுக்கு ஒன்று மின்னியது. கண்ணீரோடு ஒரு துளி ரத்தம் இறங்கியது. மேஸ்திரி துண்டை எடுத்துக்கொண்டு துடைக்க ஓடிவந்தான்.

"தொடாதே!" வாய்க்காரி அவன் கையைத் தட்டிவிட்டாள். "வண்டியைக் கூப்பிடு!"

வாசலில் சரக்கு வண்டி நின்றது. சத்தம் கேட்டு அலுவலக அறையிலிருந்து வந்த முதலாளி சின்னவளை ஒருமுறை பார்த்தார், கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். மணி ஆறேகால். "இந்த வண்டி பெட்டி ஏத்திட்டு வரப் போகணும். வேற ஏதாவது பாருங்க," என்றார். வண்டிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முன்கதவைத் திறந்து, "ஏறுங்கக்கா," என்றார்.

கண் ஆஸ்பத்திரியில், இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், பார்வை நிற்குமா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்றார்கள். வேலையிடத்தில் அடிபட்டதென்றால் கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டுமாம். சிகிச்சையைக் கம்பெனிதான் ஏற்க வேண்டுமாம். வாய்க்காரி கொழுந்தனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மத்தியானம் கொட்டகைக்குத் திரும்பினாள்.

கடிதம் தயாராகவே இருந்தது. முதலாளி மேஜைமேல் தள்ளினார்.

"எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்காரங்கங்கிற முறையில நீ ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதோ என்னால முடிஞ்ச உதவி பண்றேன்."

வாய்க்காரி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். முதல் வரியைக் கூட்டி முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. 'வீட்டில் துணி தைக்கும்போது ஊசி ஒடிந்து.'

"எந்த வீட்டுல முதலாளி?"

"இங்க பாரும்மா. வேலை நேரம் ஏழரை. அடிபட்டது ஆறேகாலுக்கு. ஆறேகாலுக்கு இந்தக் கொட்டகையில ஆளே கிடையாது. வருகைப் பதிவேட்டைப் பாரு, ஒரு கையெழுத்து இருக்கா?"

"அப்ப அந்நேரத்துக்கு நாக்கு நசுக்கினது யாரு? பேயா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"நசுக்கிப் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குச் சரியாப் படிக்க வராது. படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வரேன்."

கொட்டகையில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். பத்தாவது தேறியவள் என்பதால் பத்தாவது என்றே பேர். வாய்க்காரி உள்ளே நுழைந்தபோது யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் பத்தாவதைச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி படித்த சட்டக் காகிதங்கள் அவள் கையில் இருந்தன. காலைக் குழப்பத்தில் அவன் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"அக்கா, மொத்தம் நாலு தாளு. அவன் நமக்குப் படிச்சுக் காட்டினது ஒண்ணுதான். மூணாவதுல என்ன போட்டிருக்கு தெரியுமா?"

"படி."

பத்தாவது படித்தாள். அந்த வட்டாரத்து ஏரி, ஆறுகளில் ஈயம் சேர்த்த தூண்டில் எதுவும் கூடாது. அறுந்து விழுந்த ஈயத்தை வாத்து முதலான நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி, கழுத்தைத் தூக்க முடியாமல், இரை எடுக்க முடியாமல் செத்துப்போகின்றன. ஈயம் நஞ்சு. கையால் தொட்டால் கழுவ வேண்டும். வாயருகே கொண்டுபோகக் கூடாது.

ஒருத்தி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஈயக் கம்பியை வெட்டக் கத்தரி எடுத்தால் நேரமாகும். அதனால் எல்லாரும் பல்லால்தான் கடித்துத் துண்டாக்குவார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு மேஸ்திரியே சொல்லிக் கொடுப்பான். மத்தியானம் அந்த விரலோடேயே சாப்பிட உட்காருவார்கள். ஓயாத தலைவலி, கை நடுக்கம், வயிற்றைப் பிசைகிற வலி எல்லாம் வயசால் வருவது என்றும், ரத்தம் இல்லாததால் வருவது என்றும் ஒருத்திக்கொருத்தி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"போன மாசம் முதலாளி ஈயக் கம்பிச் சுருளெல்லாம் தனியா எடுத்து வைக்கச் சொன்னாரே, இதுக்குத்தானா?" என்றாள் ஒருத்தி.

"எடுத்து வச்சுத் தூக்கிப் போடலையே," என்றாள் பத்தாவது. "சட்டம் இல்லாத இன்னொரு வட்டாரத்துக்குன்னு தனி ஆர்டர் வாங்கி, நம்மளைத்தானே கட்ட வச்சாரு."

வாய்க்காரி தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். சாம்பல் பூத்த மாதிரி இருந்தன. பன்னிரண்டு வருஷம். அவளுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"யாரோ ஒரு புண்ணியவான் அந்த வாத்துக்காக மெனக்கெட்டுச் சட்டம் எழுதியிருக்கான். நல்லா இருக்கட்டும். நம்ம ஆளு அதை வாங்கி, படிச்சு, வாத்து சாகும்னு தெரிஞ்சுக்கிட்டு, நம்ம வாயில குடுத்திருக்கான்."

அவள் கடிதத்தைப் பத்தாவதிடம் நீட்டினாள். "இதையும் படி."

துணி தைத்த ஊசிக் கதையைக் கேட்டு முடித்ததும் கூட்டத்தில் ஒருத்தி கையிலிருந்த குறட்டைப் பெஞ்சில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சத்தம் இல்லாத கொட்டகை முதலாளியை உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும். மச்சானைப் பின்னால் விட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"என்ன கூட்டம்? நாலு மணிக்கு லாரி வருது."

"வரட்டும் முதலாளி," என்றாள் வாய்க்காரி. "ஏத்துறதுக்குப் பெட்டி இருக்காது."

"ஒருத்திக்குக் கண்ணுல தூசி விழுந்தா ஊரையே கூட்டுவீங்களா?"

"தூசியா?" பத்தாவது காகிதங்களோடு முன்னால் வந்தாள். "ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதிக் குடுங்க. இந்தக் கொட்டகையில, உங்க வேலையில, ஆறேகாலுக்கு. அதுக்கப்புறம் பேசலாம் சார்."

"ஈயத்தைப் பத்தியும் பேசலாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "விடிகாலை ஓசி வேலையைப் பத்தியும்."

முதலாளி காகிதங்களைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு சிவந்தது. "யார் குடுத்தது அதை? அது ஆபீஸ் காகிதம்!" மேஸ்திரி தரையைப் பார்த்தான்.

"ஈயத்தால செத்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா? எல்லாரும் குத்துக்கல்லு மாதிரிதானே நிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"செத்தவ எப்படி முதலாளி வந்து கை தூக்குவா?" என்றாள் வாய்க்காரி.

அவர் வாசலைக் கையால் காட்டினார். "இஷ்டமில்லாதவங்க போலாம். நாளைக்கே வேற ஆள் வரும்."

"வரட்டும்," என்றாள் வாய்க்காரி. "வர்றவளுக்கும் படிச்சுக் காட்டுறோம்."

இருபத்தைந்து பேரும் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். பத்தாவது தரையில் மண்டியிட்டுப் புதிதாக ஒரு கடிதம் எழுதினாள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் வரச் சொன்னது, முள் எப்போது வாங்கியது. அழகாக எழுத வேண்டும் என்று யோசித்து இரண்டு இடத்தில் அடித்தாள். "அழகெல்லாம் வேணாம், பளிச்சுன்னு எழுது," என்றாள் வாய்க்காரி. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்திட்டார்கள். வண்டிக்காரரும் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான் என்று ஒரு வரி சேர்த்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. லாரி வந்து, தெருமுனையிலேயே நின்று, ஹாரன் அடித்தது. முதலாளி யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து போலீஸ் வரலாம், அடியாள் வரலாம், ஒன்றுமே வராமல் பத்து நாள் பட்டினியும் வரலாம். வாய்க்காரி எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகத் தன்மேல் இருந்த அந்த வெறுப்பைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை.

அப்போது இறகுக்குச் சாயம் ஏற்றுகிற பக்கத்துக் கொட்டகையின் கதவு திறந்தது. பதினைந்து பதினாறு பேர், ஆணும் பெண்ணுமாக, முழங்கை வரைக்கும் ஈரத்தோடு வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார்:

"நாங்களும் அதுல போடலாமா?"

"அண்ணே, நீங்க அந்நேரம் உள்ள இல்லையே," என்றாள் பத்தாவது.

"சாயக் கொப்பரைக்கு நெருப்புப் போட நாங்க விடியறதுக்குள்ள வந்துடுவோம். மூணு நாளா உங்க கொட்டகையில விளக்கு எரிஞ்சதையும், நீங்க வரிசையா உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். ஆளே இல்லேங்கிறாராமே? பார்த்தோம்னு எழுதும்மா."

அவள் எழுதினாள். அவர்களில் பலருக்குக் கையெழுத்து வராது. மைப்பெட்டி அலுவலக அறையில் இருந்தது. யாரும் அதைக் கேட்கப் போகவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து, சாயம் காயாத கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தினார்கள். ஒன்று பச்சையாக விழுந்தது. அடுத்தது செங்கல் நிறத்தில். அதற்கடுத்து, கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.