பவித்ராவின் விரல் ரேகை

துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் மனுவுக்கு ஆள் சேர்க்கத்தான் அந்தக் கரைக்குப் போனேன். கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி ஒரு பெண் இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருந்தாள்.

"அக்கா, துறைமுகம் பெருசானா ஏரி செத்துடும். ஒரு கைநாட்டு வைங்க."

பறியை வாயிலிருந்து எடுத்தாள். "எந்த ஊரு?"

"பழவேற்காடு. பேரு ரிஃபா."

"பாய் ஊட்டுப் பொண்ணா. நான் ஜமுனா. யாரு ஏரி சாவுது?"

"நம்ம ஏரிதான்."

சிரித்தாள். "வலைக்காரங்க சீட்டு குலுக்கி எடம் பிரிச்சிக்கிறாங்களே, அன்னிக்கு எங்கள யாராவது கூப்டாங்களா? வலைகிட்ட போனாலே தொரத்துறாங்க. சாவுறப்ப மட்டும் நம்ம ஏரியா?"

பல கிராமங்களில் பேசிப் பழகிய நான் பேச்சை மாற்றக் கரைப்பக்கம் திரும்பினேன்.

கரையில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தாள்.

"எம்பொண்ணு பவித்ரா. தொறமுகத்துல வேல இருக்குதாம். மெஷின்ல வெரல் வெக்கணும். பத்து வயசுலேர்ந்து சேத்தத் தடவி ரேகையே தேஞ்சிபோச்சி. மெஷினு எடுக்கல. ரேகை திரும்ப வரட்டும்னு ரெண்டு மாசமா தண்ணில எறக்கல இவள. திங்கக்கெழம கடைசி தபா."

"காண்ட்ராக்ட் வேலைக்கா. ஒரு வருஷத்துல அனுப்பிடுவாங்க."

"ஒரு வருசம் காஞ்ச துணி கட்டட்டுமே."

எனக்கு விட மனமில்லை. "ஏரி போனா உங்க பேரப்பிள்ளைங்களுக்கு என்னக்கா இருக்கும்?"

என் பக்கம் திரும்பினாள். கை மட்டும் சேற்றில் தடவிக்கொண்டிருந்தது. "நீ ஒருநாளு எறங்கிப் பாரு, அப்பால..."

பேச்சு நின்றது. கை மேலே வந்தது. கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி ஒடிந்திருந்தது.

பறி வாயில் இருக்கும்வரை கையால் இறால் பிடிப்பவர்களுக்குப் பேச்சில்லை. கவனம் முழுக்க விரலில் இருக்கும். நான்தான் பேசவைத்தேன்.

கரையேறுவதற்குள் கை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். காதில் வாங்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரா எழுந்து எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"எறங்காதடி. இன்னும் நாலு நாளுதான்."

"உனுக்குக் கை ஆற பத்து நாளாவும். அதுவரிக்கும் இன்னாத்தத் துன்றது?"

அப்போது எனக்குள் எழுந்ததை யாரிடமும் சொன்னதில்லை. துறைமுகத்துக்குப் போக ஒரு ஆள் குறைந்தது என்று ஒரு நினைப்பு. நினைப்புகூட இல்லை, சின்ன நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பவித்ரா கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டேன். அவ்வளவு நேரத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

என்னைப் பார்த்தாள். அம்மாவின் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கைகளைச் சேற்றுக்குள் விட்டாள்.