அக்காவுக்கு மட்டும் அனுப்பின படம்

கோதாரி விழுந்த லிங்க்! அதை நான் ஒரேயொரு ஆளுக்குத்தான் அனுப்பினனான். என்ரை சொந்த அக்கா பிரதீபாவுக்கு. சுவிஸிலை இருக்கிறா. லீவு கிடைக்கேல்லை, தங்கச்சியின்ரை முதல் படத்தைத் தியேட்டரிலை பாக்க வர ஏலாமக் கிடக்கு எண்டு போனிலை அழுதா. மனம் கேக்கேல்லை. "ஒருத்தருக்கும் குடுக்காதை அக்கா" எண்டு மூண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினன்.

நாலு வருசம் எடுத்த படம். சுன்னாகம் சந்தையிலை வெங்காயம் விக்கிற ஒரு மனுசியின்ரை கதை. தியேட்டர்காரர் வெள்ளிக்கிழமை ஒரு காட்சி தந்தவர். பாதிக் கதிரை நிறைஞ்சால் ஒரு கிழமை ஓட்டுவன், இல்லாட்டி அடுத்தநாளே இந்தியப் படம் ஏறும் எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்.

வியாழன் பின்னேரம் சந்தைக்குப் போனன். படத்திலை நடிச்ச நாகேஸ்வரி மாமி வாயெல்லாம் பல்லா நிக்கிறா.

"பிள்ளை, படம் அந்தமாதிரி! சந்தை முழுக்க நேற்றே போனிலை பாத்திட்டுது."

அவவின்ரை போனை வாங்கிப் பாத்தன். கள்ளப்படம் போடுற பக்கமொண்டிலை என்ரை படம். மூலையிலை அக்காவின்ரை பேர். அவவின்ரை பிரதி எண்டு தெரிய நான் போட்ட அடையாளம்.

உடனை அக்காவுக்குப் போன் எடுத்தன்.

"ஓம், ஊராக்களின்ரை வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டனான்" எண்டா, ஒண்டும் நடக்காத மாதிரி. "அங்காலை ஆர் கொண்டுபோய் எங்கை போட்டினமோ எனக்குத் தெரியாது. அப்பாவின்ரை செத்தவீட்டு நேரலை லிங்கையும் உதிலைதானே போட்டனாங்கள்? அதை அனுப்பச் சொன்னதே நீதானே?"

"விசரே அக்கா உனக்கு? அது செத்தவீடு!"

"இதுவும் எங்கடை வீட்டு விசயம்தானேடி."

போனைக் கட் பண்ணினன்.

நானூறு கதிரையிலை வெள்ளிக்கிழமை இருபத்திமூண்டு பேர். சனிக்கிழமை விடிய, நான் பாத்துக்கொண்டு நிக்கவே, என்ரை போஸ்டரைக் கிழிச்சுப்போட்டு மற்றப் படத்தை ஒட்டினாங்கள். சொந்த ரத்தமே இப்பிடிக் கழுத்தறுத்துப்போட்டுதே எண்டு றோட்டிலை நிண்டு அழுதன்.

அண்டைக்குப் பின்னேரம் அக்கா எடுத்தா. வாயிலை வந்தபடி பேசினன். பேசி முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தா.

"எடி, நீயும் நானும் ஒரே கட்டிலிலை கிடந்து எத்தினை படம் பாத்திருப்பம்? ஒண்டையாவது தியேட்டருக்குப் போய்ப் பாத்தனாங்களோ?"

யோசிச்சன். ஒண்டும் இல்லை. பாத்ததெல்லாம் கள்ளப்படம்தான். எண்டாலும் அவவை நான் இன்னும் மன்னிக்கேல்லை.