கழுத்துச் சொடக்கு

கிடங்கில் மூட்டை சுமக்கிறவனுக்குக் கழுத்து வலி என்பது செருப்புக் கடி மாதிரி. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, நொண்டிக்கொண்டே பிழைப்பைப் பார்ப்பார்கள். கட்டையனும் அவன் அக்கா புருஷனும் ஆஸ்பத்திரிக்குப் போனதே மேஸ்திரி வாயைத் திறந்த பிறகுதான். மாதம் பிறந்ததும் ஆட்களைப் புதுக் கிடங்குக்கு மாற்றப் போவதாகவும், பிடரியில் மூட்டையை வாங்கிக்கொண்டு நிமிர முடியாதவன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றும் அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். சொல்லும்போது மச்சானைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் மச்சானுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நாள்பட்ட கழுத்து வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை நல்லதா, பயிற்சி நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். வருகிறவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கட்டையனுக்குக் கைச் சிகிச்சை விழுந்தது. மச்சானுக்குப் பயிற்சி.

பிசியோ அம்மா ஒல்லியான பெண். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்தாள். கட்டையனை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, கழுத்தெலும்பை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் தலையைச் சற்றே சாய்த்து, வெடுக்கென்று ஒரு சின்னத் திருப்பு. டக். எழுந்து உட்கார்ந்தால் தோளைத் திருப்பாமலே கதவைப் பார்க்க முடிந்தது. கட்டையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த அறையில் மச்சான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மிரண்ட கோழி மாதிரி மோவாயை உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் உள்ளங்கைக்கு எதிராகவே நெற்றியை அழுத்தினார். பிறகு ரப்பர் பட்டை இழுத்தார்.

"உனக்குக் கை, எனக்கு ரப்பரு. அதிர்ஷ்டத்துலயும் முந்திக்கிட்டே மாப்ள" என்றார் வெளியே வந்து.

பிசியோ அம்மா அவரிடம் ஒளிக்காமல்தான் பேசினாள். கைச் சிகிச்சைக்காரர்களுக்குச் சீக்கிரம் சுகம் தெரியும், பயிற்சிக்காரர்களுக்கு மெதுவாகத்தான் தெரியும், கடைசியில் எது நிலைக்கும் என்று எங்களுக்கே தெரியாது, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு என்றாள். நடுவில் வேறு வைத்தியம் எதுவும் கூடாது என்றும் சொன்னாள். மச்சான் சொன்ன சொல் தட்டாமல் செய்தார். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து மோவாயை இழுப்பார். கோழி முட்டை போடப் போகுது, கூடை எடுத்துட்டு வாங்கடா என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவருக்கும் கொஞ்சம் தேவலைதான், வலப்பக்கம் புரண்டு படுக்க முடிகிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் கொஞ்சம் தேவலையை வைத்துக்கொண்டு மூட்டையை வாங்க முடியாது. மாதம் முடியப் போகிறது.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மூட்டை அடுக்கில் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடித்துச் சொடக்கு எடுத்துவிடுவார்கள். சத்தம் வந்தால் வலி போயிற்று. அதுதான் அங்கே வேதவாக்கு. சத்தம் வராவிட்டால் எடுத்தவன் கை சரியில்லை. கட்டையன் கைக்கு வராத சத்தமே இல்லை என்று பெயர். இப்போது அந்தக் கைக்கு ஆஸ்பத்திரிப் படிப்பும் சேர்ந்துவிட்டதாக அவனே நினைத்துக்கொண்டான். அந்த அம்மா எங்கே பிடித்தாள், எந்தப் பக்கம் சாய்த்தாள் என்பதெல்லாம் அவன் கழுத்துக்குத் தெரியும். கழுத்துக்குக் கண் கிடையாது என்பது மட்டும் தோன்றவில்லை.

முதலில் கேட்டது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உன் கழுத்து திரும்புது. இவரு கழுத்து மரக்கட்டையா நிக்குது. ஊருக்கெல்லாம் சொடக்கு எடுக்குறே, கூடப் பொறந்தவ வீட்டுக்குக் கை வராதா?"

அந்தம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளே என்றான் கட்டையன். அவளுக்கென்ன, மாசம் பொறந்தா அவ வந்து மூட்டை தூக்குவாளா என்றாள் அக்கா.

மச்சான் தானாகவே வந்து பாயில் படுத்துவிட்டார். படுத்தவர், கொஞ்ச நாளாக இடக்கை விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சொன்னால் கழித்துக் கட்டிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன் என்றார். கட்டையனுக்கு ஒரு கணம் ஏதோ இடறியது. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் கை மரத்துப்போகிறதா, விரலில் ஊசி குத்துகிறதா என்று கேட்பாள், முழங்கையில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்ப்பாள். அது ஆஸ்பத்திரிக்காரர்களின் குசலம் விசாரிப்பு என்று விட்டிருந்தான். எடுத்துவிட்டால் எறும்பும் சேர்ந்து ஓடிவிடும் என்று சொல்லிக்கொண்டே தலைமாட்டில் உட்கார்ந்தான்.

மூட்டையைக் கவ்விப் பழகிய கை அது. சாய்த்தான், திருப்பினான். சத்தம் வரவில்லை. தன் கைக்குச் சத்தம் வராமல் போனதை அவனால் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

வந்தது.

மச்சான் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எழுந்து உட்காரக் கையை ஊன்றியவர், ஊன்றிய பக்கமாகவே சரிந்தார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "என் கையக் காணோம்."

கை அங்கேதான் பாயில் கிடந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, ஏற்கெனவே பிதுங்கியிருந்ததுதான், இப்போது முழுக்க வந்துவிட்டது, அறுத்தாலும் கை பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அக்கா முந்திக்கொண்டு, தூக்கத்தில் புரண்டுவிட்டார் என்றாள். பிசியோ அம்மா அவளைப் பார்க்காமல் கட்டையனைப் பார்த்தாள். அவன் சொல்லிவிட்டான். எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டாள். காற்றில் செய்து காட்டினான். அவள் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"கை மரத்துப்போற யாருக்கும் நான் அதைச் செய்ய மாட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்களை எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. பயிற்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் இப்போதுதான் தேறிக்கொண்டு வருகிறார்கள் என்றும் சொன்னாள், யாரிடமும் சொல்வதாக இல்லாமல். ஆராய்ச்சியிலிருந்து இருவரையும் எடுத்துவிட்டார்கள்.

மாதம் பிறந்தது. கட்டையனுக்குப் புதுக் கிடங்கில் இடம் கிடைத்தது. முதல் நாள் மூட்டையை வாங்கியபோது கழுத்து நன்றாகவே தாங்கியது. அது அவனுக்கு அசிங்கமாக இருந்தது. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். மச்சான் முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடக்கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் சட்டைக் காலரைக் கீழே இழுத்துப் பிடரியைக் காட்டினார். மூட்டை சுமந்து காய்த்துப்போன தோல் அங்கே கருத்துத் தடித்திருந்தது.

"அந்தப் பக்கம் திருப்பினதுல போச்சு மாப்ள. இந்தப் பக்கம் திருப்பு, வந்துரும்."

கேலி இல்லை. குரலில் கோபமும் இல்லை. கட்டையன் அக்காவைப் பார்த்தான், அவளாவது வேண்டாம் என்பாள் என்று. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள்.

"தொட்டுத்தான் பாரேன்டா" என்றாள்.

அவன் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஓசைப்படாமல் படியிறங்கினான். மச்சானால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை மூடி, காலரைப் பிடித்தபடி, அவன் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.