கப்பலில் ஒரே ஓர் இடம்

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஏறியது. டில்டா ரிக்பிக்கு அதைப் படிக்கப் பத்து நொடிகூட ஆகவில்லை. ஆராய்ச்சிக் கப்பலில் பத்து நாள்: லீயான் கேட்டரல். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அவரால் போக முடியாவிட்டால்: டில்டா ரிக்பி.

கப்பல் ஒவ்வொரு ஜூலையிலும் லிவர்பூலில் கிளம்பி ஸ்காட்லாந்துத் தீவுகள் வரை போகும். கடலடி மண்ணை அள்ளிச் சோதிக்கும் விஞ்ஞானிகளோடு, கரையோரத்துப் பள்ளிகளின் மேல்நிலைப் பிரிவிலிருந்து பள்ளிக்கு ஒருவராகப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளும். டில்டா பதினாலு வயதிலிருந்தே அதற்காகக் காத்திருந்தவள். அவள் அறைச் சுவர் முழுக்கக் கடலடி வரைபடங்கள். விண்ணப்பத்தில் ஆறு பக்கம் எழுதியிருந்தாள். லீயானோ, கடைசி நாளன்று மிஸஸ் ஹார்கர் பக்கத்தில் உட்கார்ந்து வற்புறுத்தியதால் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவள்.

மிஸஸ் ஹார்கர்தான் மேல்நிலைப் பிள்ளைகளின் நலனைப் பார்த்துக்கொள்பவர். மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. பல்கலைக்கழக விண்ணப்பம், பஸ் பாஸ், வீட்டுச் சண்டை, அழுகை எல்லாம் அங்கேதான் வரும். காலை எட்டு மணிக்கு யார் வேண்டுமானாலும் போய் ரொட்டி வாட்டித் தின்னலாம். செப்டம்பரிலிருந்து அந்தக் காலை உணவு மேசையில் வெண்ணெய் தடவிக் கொடுக்கும் வேலையை டில்டா தானாகக் கேட்டு வாங்கிச் செய்துவந்தாள். அங்கேதான் லீயானோடு பழக்கம். ஜனவரியிலிருந்து கதவு திறப்பதற்கு முன்பே லீயான் வந்து நிற்பாள். தலை ஈரமாக இருக்கும். விளையாட்டுக் கூடத்துக் குழாயில் குளித்துவிட்டு வருகிறாள் என்பது டில்டாவுக்குப் பிறகுதான் புரிந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, அறையில் வேறு யாருமில்லாதபோது, லீயான் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் அம்மா ஒருவனோடு ஹல் என்ற ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில், அம்மாவுக்குத் தெரிந்தவருடைய கேரவன் ஒன்று, சக்கரம் வைத்த விடுமுறை வீடு, குளிர்காலத்தில் சும்மா கிடக்கிறது, அதில் தங்கியிருக்கிறாள். பள்ளிக்குத் தெரிந்தால் நகராட்சியின் சிறார் நலப் பிரிவுக்குச் சொல்வார்கள், அவர்கள் எந்த ஊருக்காவது தூக்கிப் போய்விடுவார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று டில்டா கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். அப்போது அதை மனதாரத்தான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளைப் படித்துவிட்டு ஓய்வறைக்குள் போனபோது அவளுக்குக் காது அடைத்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆஸ்டன் சும்மா இருக்காமல், "என்ன டில்டா, கப்பல் கவுந்துடுச்சாமே?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எங்கம்மாவும் எவன்கூடவோ ஓடிப்போயி, நானும் கேரவன்ல கெடந்தா எனக்கும்தான் குடுத்திருப்பாங்க" என்றாள் டில்டா.

சிரிப்பு நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பது அவள் கண்ணில் பட்டது. யாரோ மெதுவாக, "லீயானா?" என்று கேட்டார்கள். டில்டா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. உயிரியல் வகுப்பில் பின்வரிசைப் பெண் ஒருத்தி, கேரவனில் ராத்திரி குளிராதா என்று லீயானிடம் உண்மையான கரிசனத்தோடுதான் கேட்டாள். லீயான் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள், உறையைப் போட்டு மூடினாள், வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். டில்டா பக்கம் திரும்பவே இல்லை. புதன்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் மிஸஸ் ஹார்கர் டில்டாவைக் கூப்பிட்டார். கப்பலுக்கான சம்மதப் படிவம் பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் போய்ச் சேரவேண்டும். லீயான் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. "அவ எங்க இருப்பான்னு உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது மிஸ்" என்றாள் டில்டா. நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் இன்னொரு படிவத்தை எடுத்து டில்டாவின் கையில் கொடுத்தார்.

அவள் அப்பா அதில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். இன்னும் உறுதியாகவில்லை என்று அவள் இரண்டு தடவை சொல்லியும் கேட்காமல், கடைக்குப் போய் எல்லாருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தார். டில்டா சிப்ஸைக் கிரேவியில் தொட்டுத் தொட்டு வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. மாடிக்குப் போனாள், இறங்கினாள், நாய்க்குக் கயிறு மாட்டி வெளியே கூட்டிப் போனாள், தெருமுனையிலேயே திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அவள் எதுவுமே செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே இடம் அவளுக்கு வந்துவிடும்.

வியாழக்கிழமை இரண்டாவது பாடவேளையின் நடுவில் எழுந்து, தலைவலி என்று சொல்லிவிட்டு, அக்கரைக்குப் படகு போகும் துறைக்கு நடந்தாள். கடல் இறங்கி ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. கடல் திரும்ப ஏறும்வரை படகு வராது என்று பலகையில் எழுதியிருந்தது. இரண்டு மணி நேரம் இருந்தது. பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்று டிராம் நிறுத்தம் வரை போனாள். ஒரு டிராமை விட்டாள். அடுத்ததையும் விட்டாள். மறுபடி துறைக்கு வந்தாள். முன்னால் சேறும் மழைத்தூறலும்தான். கடைசியில் படகு வந்து, ஐந்தாறு பேரோடு அவளையும் அக்கரையில் இறக்கியது.

கேரவன் பேட்டை பூட்டிக் கிடந்தது. வேலியில் ஓர் இடம் விலகியிருந்தது. ஒரே ஒரு கேரவனின் ஜன்னலில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்ததால் எது என்று தெரிந்துகொண்டாள். தட்டியதும் லீயான் கதவைப் பாதி திறந்தாள். உறங்குபையைத் தோளோடு போர்த்தியிருந்தாள்.

"யாரு அனுப்புனது?"

"யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன்."

"எதுக்கு? நான் வரலன்னு எழுதிக் குடுக்கணுமா?"

டில்டா படியிலேயே நின்றாள். "நான்தான் சொன்னேன், லீயான். ஓய்வறையில, எல்லார் முன்னாடியும்."

"தெரியும். உன் ஒருத்திகிட்டதான சொல்லியிருந்தேன். இதக் கண்டுபுடிக்கப் பெரிய மூளையா வேணும்?" லீயான் கதவை விட்டு உள்ளே போனாள். ஆனால் சாத்தவில்லை.

உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. கணப்புக்கு எரிவாயு தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கூரை மூலையில் ஈரம் கறுத்து இறங்கியிருந்தது. பாடப் புத்தகங்கள் மட்டும் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன.

"நாளைக்கு மத்தியானம் தாண்டுனா இடம் உனக்குத்தான். வாய மூடிட்டு வீட்ல உக்காந்திருந்தாப் போதும். ஏன் வந்த?" என்று லீயான் கேட்டாள்.

படகில் வரும்போது டில்டா இதற்கு நீளமாக ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. "உக்கார முடியல" என்றாள்.

 வந்தும் ஒரு பிரயோஜனமில்லை என்றாள் லீயான். கையெழுத்துப் போட அம்மா வேண்டும். அவளோ இவள் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. மிஸஸ் ஹார்கரிடம் சொல்லலாமே என்று டில்டா கேட்டாள். சொன்னால் அவர் நகராட்சிக்குச் சொல்லியே ஆகவேண்டும், அது அவர் வேலை, என்றாள் லீயான். இங்கேயே கிடந்தால் மட்டும் என்ன ஆகும் என்று டில்டா கேட்டாள். லீயான் ஆவி படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். அது திரும்பவும் மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே கூப்பிட்டுச் சொல்லு" என்றாள் கடைசியில். "நீதான் சொல்லிப் பழகினவளாச்சே."

டில்டா அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். மிஸஸ் ஹார்கரின் எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்தாள். நேற்றுத் தெரியாது என்று சொன்னது பொய் என்றாள், ஓய்வறையில் பேசியதைச் சொன்னாள், கேரவனைச் சொன்னாள்.  முடிந்ததும் மிஸஸ் ஹார்கர், "லீயான் பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டார். பிறகு குரலை மாற்றி, "லீயான், சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"பீன்ஸ் இருந்துச்சு மிஸ்" என்றாள் லீயான். 

அவர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு காரில் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. லீயானைப் பெட்டிகளோடு முன்னால் ஏற்றி, நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்தே நகராட்சியைக் கூப்பிட்டார். டில்டாவை அவள் வீட்டில் இறக்கிவிட்டது அதற்குப் பிறகுதான். காரில் இருவர் மட்டும் இருந்தபோது டில்டா கேட்டாள்.

"பாவம்னுதான் அவளுக்குக் குடுத்தீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

"அவ நெலம எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சிருக்கணும், அது என் தப்பு" என்றார் அவர். "ஆனா அந்த ஒரு பக்கத்தப் பாத்துத்தான் குடுத்தோம்."

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் சொன்னார். படகுத்துறைக்குக் கீழே, தண்ணீர் வடிந்த சேற்றில், புழுக்கள் வெளியே தள்ளும் மண்சுருள்களை லீயான் ஒரு சின்னச் சதுரத்துக்குள் மூன்று வாரம் எண்ணியிருந்தாள். உறைபனி விழுந்த நாட்களில் குறைந்தது, பிறகு எத்தனை நாளில் ஏறியது, அவளுக்குப் புரியாதது எது, எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். தினமும் படகுக்குக் காத்திருந்த நேரம்தான் அது என்பது மிஸஸ் ஹார்கருக்கு அப்போது தெரியவில்லை. டில்டா அன்றைக்கு அதே சேற்றின் முன்னால் படகு வரும்வரை நின்றிருந்தாள். ஒரு புழுவைக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகும் எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. கப்பல் அலுவலகத்தில் மிஸஸ் ஹார்கர் மன்றாடி, படிவம் கொடுக்க நாலு நாள் கூடுதலாக வாங்கினார். நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் கையெழுத்துப் போட்டார். ஆனால் லீயான் பயந்தபடியே அவளை முதலில் பிரெஸ்டனில்தான் தங்க வைத்தார்கள். மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அந்த நாட்களில் டில்டா எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். பிறகு பக்கத்து ஊரான கிளெவ்லீஸில் ஒரு டிராம் ஓட்டுநர் குடும்பம் மாடி அறையைக் கொடுத்தது. அங்கே போன பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியது.

டில்டாவைக் காலை மேசையிலிருந்து மிஸஸ் ஹார்கர் எடுத்துவிட்டார். அந்த அறையில் சொன்னது அந்த அறையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் வருகிறார்கள், இனி உன்னை அங்கே நிறுத்த முடியாது என்று நேராகச் சொன்னார். டில்டா வாதாடவில்லை. வீட்டில் அப்பாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் வெளியே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த தன் வேனை மறுபடி கழுவினார்.

ஜூலையில் லீயான் கப்பலேறினாள். டில்டா அந்தப் பத்து நாளும் கடையொன்றில் வேலைக்கு நின்றாள். இணையத்தில் கப்பல் எங்கே போகிறது என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள்.

செப்டம்பரில் லீயான் பள்ளி மேடையேறிப் படங்கள் காட்டிப் பேசினாள். நன்றாகப் பேசினாள். கூட்டம் கலைந்ததும் டில்டா வெளியே நழுவப் பார்த்தாள். லீயான் வாசலில் வந்து மறித்தாள்.

"நாலு நாள் வாந்தி. அதப் படத்துல போடல" என்றாள்.

டில்டாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"உன்ன நான் மன்னிக்கல, தெரியும்ல?"

"தெரியும்."

"ஆனா கடலடி மண்ணு கொண்டாந்திருக்கேன், பதினெட்டு பாட்டில். சலிச்சுப் பாத்துப் புழுவ எண்ணணும். ஒருத்தியால முடியாது." லீயான் ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தின் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். "மூணரை மணிக்கு வா. பேச்சுக் குடுக்காத, எண்ணு. போதும்."

மணி அப்போது ஒன்றேகால். டில்டா அடுத்த இரண்டு பாடவேளைகளிலும் என்ன நடத்தினார்கள் என்று கேட்கவில்லை. மூன்று மணிக்கே போய் ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.