சுவரைப் பார்த்து நின்ற நிலநடுக்கம்

கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக் கூடத்தில் பதினேழு பேர் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி தூக்கி வந்திருந்தார்கள். கடைக்கார ஒவிதியா கையில் எரிகிற மெழுகுவத்தி. எதிர்வீட்டு நிக்கானோர் கையில் ஓர் அண்டா கறுப்புக் காப்பி. நானோ, பனியனும் அரைக்கால் சட்டையுமாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பெண்ணின் இடுப்பில் கைவைத்துச் சுழன்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை, மாலை நாலரை மணி.

எல்லோருடைய வாயும் மீன் வாய்போலத் திறந்து மூடியது. எனக்குக் கேட்டதெல்லாம் டிரம்பெட்தான். ஹெட்போனைக் கழற்றினேன்.

“அழுதுடு மச்சான். இப்படி ஆடாத, பாக்க முடியல,” என்று நிக்கானோர் என் தோளில் விழுந்தான்.

“யாருக்குடா அழணும்?”

“பாவம், புத்தி பெசகிடுச்சு,” என்றாள் ஒவிதியா, பின்னால் திரும்பி.

இதற்கெல்லாம் காரணம் நிலநடுக்கம். அது என் ஒலிபெருக்கியின் பெயர். எங்கள் கொலம்பிய ஊரான பாரன்கியாவில் பெயர் இல்லாத ஒலிபெருக்கி ஞானஸ்நானம் செய்யாத பிள்ளை மாதிரி. மக்தலேனா ஆற்றில் இழுவைப் படகு எஞ்சினோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். சின்னச் சத்தமெல்லாம் என் காதில் ஏறாது. ஆகவே கல்யாணமான புதிதிலேயே ஆள் உயரப் பெட்டி செய்யச் சொன்னேன். முகப்பில் தங்கப்பல் வைத்த புலி ஒன்றை வரையச் சொன்னேன். ஓவியன் வரைந்து முடித்தபோது அது அச்சு அசலாக என் மாமியார். முதல் நாள் அதை முழுச் சத்தத்தில் வைத்தபோது மாமரத்திலிருந்து நாற்பது ஓணான் மயங்கி விழுந்தன. மூன்று தெரு தள்ளி இருக்கிற கல்லறையில் ஒரு நோட்டரி புரண்டு படுத்ததாகக் காவல்காரன் சத்தியம் செய்தான். சனிக்கிழமை நாலு மணிக்கு அதை வாசலில் தெருவைப் பார்த்து நிறுத்துவோம். முதல் பாட்டுக்கு நானும் என் மனைவி எடில்சாவும் மட்டும் ஆடுவோம். அதற்கப்புறம்தான் தெரு ஆட இறங்கும். நாற்பத்தோரு வருஷமாக, கல்யாணத்தைவிட ஒழுங்காக நடந்துவந்த விஷயம் அது.

ஜனவரியில் எடில்சாவுக்கு முட்டியில் அறுவை நடந்தது. ஊன்றுகோல் வந்தது, ஆட்டம் போனது. அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் வழக்கம்போல் பாட்டு வைத்தேன். அவள் நாற்காலியில் குனிந்து, யுக்கா கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டேன்.

ஹெட்போன் அனுப்பியது தலைநகர் பொகோதாவில் இருக்கும் எங்கள் மகள். அங்கே அவள் தும்மினால்கூட மேல்மாடிக்காரர் புகார் எழுதுவார். பொய் சொல்லக்கூடாது, அது ஒரு சொர்க்கம். நாற்பது வருஷமாகக் கேட்ட இசைத்தட்டில், காங்கா மேளம் அடிக்கிறவன் இருமுவதை முதன்முதலாகக் கேட்டேன். எந்த டிரம்பெட்காரன் அன்று பல் விளக்கவில்லை என்பதுகூடத் தெரிந்தது. “எடில்சா, கேட்டியா இத!” என்று திரும்புவேன். கூடம் காலியாக இருக்கும். அவள் அடுப்படியில் இருப்பாள். பாட்டு என் தலைக்குள் மட்டும் இருக்கும்.

மூன்றாம் வாரம், அதே சனிக்கிழமை காலை, சும்மா நிற்கிற புலியைப் பூனை பிறாண்டுகிறதே என்று, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். அங்கேதான் மடத்தனம் செய்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் உயிர் போனால்தான் ஒலிபெருக்கியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். ஜன்னல் வழியாக நிக்கானோர் பார்த்திருக்கிறான். காலையிலிருந்து எடில்சாவையும் காணோம். வேறென்ன வேண்டும்?

நான் விளக்க வாயெடுத்தபோது வாசலில் டாக்சி வந்து நின்றது. ஊன்றுகோல் முதலில் இறங்கியது, பிறகு எடில்சா. கூட்டத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“கடவுளே, யாருப்பா போயிட்டது?”

நிக்கானோர் அண்டாவைக் கீழே போட்டான். ஒவிதியாதான் மெதுவாகச் சொன்னாள்:

“நீங்கதான் அக்கா.”

தெருவே வெடித்துச் சிரித்தது. எடில்சா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்ற பெட்டியைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள்.

“என்னோட நல்ல விரிப்பு,” என்றாள். “அப்போ நான் செத்துட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட.”

“பூனை பிறாண்டுதுன்னுதான்மா...”

“ரெண்டு சனிக்கிழமை அடுப்படியில ஒக்காந்து உன் செருப்புச் சத்தத்த மட்டும் கேட்டேன். சர்ர், சர்ர்னு. பாட்டே இல்லாம. தாங்க முடியாமத்தான் இன்னிக்கு சொலெதாதுல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். ரேடியோ கேக்கறதுக்கு!”

“ஆட முடியாம உனக்கு மனசு வலிக்கப் போகுதேன்னுதான் நான்... அன்னிக்கு நீ தலையே நிமிரலியே எடில்சா.”

“கையில கத்தி இருக்கு. கிழங்கப் பாக்காம உன் மூஞ்சியவா பாப்பாங்க?” ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள். “போனது முட்டிதான் கிழவா. காது அப்படியேதான் இருக்கு.”

யாரும் கிளம்பவில்லை. நாற்காலி கொண்டுவந்தவர்கள் நாற்காலியோடு திரும்புவது எங்கள் தெருவில் கேவலம்.

“காப்பிதான் கொட்டிப்போச்சு,” என்று தொண்டையைச் செருமினான் நிக்கானோர். “வந்ததுக்கு ஒரு பாட்டாவது போடு மச்சான்.”

ஆறு பேர் சேர்ந்து நிலநடுக்கத்தைத் திருப்பினார்கள். ஒவிதியாவுக்குக் கை வலித்ததோ என்னவோ, மெழுகுவத்தியைப் பெட்டியின் தலையிலேயே வைத்துவிட்டாள். எடில்சா ஒரு நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நீட்டிய காலை, புலியாக இருந்த தன் அம்மாவின் முகத்துக்குச் சரியாகக் கீழே, பெட்டியின் மரத்தில் ஊன்றினாள். என்னைப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் திறந்து வைத்தாள்.

ஊசியை இறக்கினேன். முதலில் தட்டின் கரகரப்பு. அப்புறம் அடித்தாளம் விழுந்தது. அவள் கால்விரல்கள் ஒரு நொடி விரிந்தன. மேலே மெழுகுவத்திச் சுடர் இடுப்பை வளைத்துப் படுத்து, அணையாமல் எழுந்து, மறுபடி வளைந்தது.