இறந்த தேதி கட்டாயம்

காலை ஒன்பது நாற்பது. இறுதிச் சேவை அலுவலகத்தின் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுவதை, உட்காரும் முன்பே அவள் பார்த்துவிட்டாள். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவள்.

பக்கத்தில் அளவு மாஸ்டர். தையற்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். இருபத்திரண்டு வருடமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதுமில்லை.

அவள் நுரையீரல் கோடை வரைக்கும்தான் தாங்கும் என்று டாக்டர் சொன்ன அன்று அவள் ஒன்றை முடிவு செய்தாள். தன் சவப்பெட்டியை மூடுவது மாஸ்டரின் கையாக இருக்கவேண்டும். வேறு எவர் கையும் அதில் படக்கூடாது. அதைப் பதிவு செய்யத்தான் வந்திருந்தார்கள்.

எழுத்தர், நடுத்தர வயதுப் பெண், திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"எல்லாம் இப்ப ஆன்லைன்தான்க்கா. பெட்டி, வண்டி, அஞ்சலிப் பக்கம், நேரலை. நட்சத்திரம் போட்டதை மட்டும் கட்டாயம் நிரப்பணும். இறந்தவர் பேரு?"

"நான்தான்."

எழுத்தரின் விரல்கள் நின்றன. பிறகு தட்டின.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு? இதுல 'நானே'ன்னு இல்லையே. 'மற்றவை' போட்டுடறேன்."

"போடு. சொந்தக்காரங்க என்னை வெச்சிருக்கிற இடமும் அதுதான்."

மாஸ்டர் பெட்டியின் படத்தை உற்றுப் பார்த்தார். "ஆறடியா? உனக்கு ரொம்ப லூஸா இருக்கும்."

"பிடிச்சுத் தைச்சுடுங்க."

எழுத்தர் சிரிப்பை அடக்கினாள். "இரத்த உறவு ஒருத்தர் பேரும் நம்பரும் வேணும். நட்சத்திரம்."

ஒருவர்தான் இருந்தார். அண்ணன். அவள் மாஸ்டர் வீட்டுக்குக் குடிபோன அன்று, "உன்னைத் தலைமுழுகிட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னவர். அதன் பிறகு அவள் முகத்தில் விழித்ததில்லை.

"யாரும் இல்லைன்னு எழுதச் சொல்லு" என்றார் மாஸ்டர்.

"இருக்கிற ஆளை இல்லைன்னு எப்படி எழுதறது?"

எண் அவளுக்கு மனப்பாடம். சொன்னாள்.

"இறந்த தேதி?"

"இன்னும் வரலை."

"ஏதாவது ஒண்ணு போடுங்கக்கா. அப்புறம் மாத்திக்கலாம்."

"வராத வண்டிக்கு நான் நேரம் போட்டதே இல்லைம்மா. மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினப்பகூட."

இருமல் வந்தது. மாஸ்டர் அவளைத் தாங்கிப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். மூச்சு சீராகப் பத்து நிமிடம் ஆனது.

திரும்பி வந்தபோது எழுத்தர் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்குத் தேதியப் போட்டேன்க்கா. சும்மா, அடுத்த பக்கம் வரட்டும்னுதான். அது தானா செய்தி அனுப்பிடுச்சு."

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

திரையில் அவளுடைய அஞ்சலிப் பக்கம். பழைய அடையாள அட்டைப் படம், அதைச் சுற்றி மின்மலர்கள். கீழே ஒரு செய்தி, மூன்று நிமிடத்துக்கு முன் வந்தது. 'என் உயிருக்கு உயிரான தங்கையே, எங்களைத் தவிக்கவிட்டுப் போனாயே.' அதற்கும் கீழே பச்சை எழுத்தில்: இறுதிப் பொறுப்பாளர் - அண்ணன். ஏற்றுக்கொண்டார்.

"செத்தாத்தான் உயிருக்கு உயிர் போல" என்றாள்.

"அழிக்க முடியலைக்கா. பொறுப்பாளர்தான் பெட்டியை மூடணும். இரத்த உறவுக்குத்தான் முதல் உரிமைன்னு வெச்சிருக்காங்க. அவர் போன்ல 'விலகுகிறேன்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை அவர் அமுக்கணும். இல்லைன்னா மேலிடத்துக்கு எழுதிப் போடலாம். ஆறு மாசமாவது ஆகும்."

ஆறு மாதம். கோடைக்கு மூன்றுதான் இருந்தது.

மாஸ்டர் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"விடு. கூட்டத்தோட கூட்டமா நானும் பின்னாடி நின்னுக்கறேன்."

"பின்னாடி நிக்கவா இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தீங்க?"

"அவர் உன் கூடப்பிறந்தவர்."

"ஒரு தடவை தலைமுழுகியாச்சு. ஒரே ஆளை ரெண்டு தடவை முழுகுவாங்களா?"

அவள் கைபேசியை எடுத்தாள். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேஜை மேல் வைத்தாள். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"யாருங்க? நாங்க துக்கத்துல இருக்கோம், அப்புறமா பேசுங்க." அண்ணனின் குரல் கிழடு தட்டியிருந்தது.

"தெரியும். செத்தவதான் பேசறேன்."

எதுவோ தரையில் விழுந்த சத்தம். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் எழப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடியை விடவில்லை.

சுவரைப் பார்த்தாள். நான்கைக் கூட்டிக்கொண்டாள். பத்து இருபது.

"அண்ணா, உன் போன்ல 'விலகுகிறேன்'னு ஒரு பட்டன் இருக்கு. மாஸ்டர் என் பக்கத்துலதான் இருக்கார். இப்ப அதை அமுக்கறியா, இல்லை நீ எழுதினதை இவர் முன்னாடி வந்து, என் முகத்தைப் பார்த்து வாசிக்கறியா?"